மைனஸ் எண்பது

தரவரிசை வெளியான அன்று
காலை பத்து இருபதுக்குக் கரண்ட் போனது.

நெடுஞ்சாலையைப் பார்த்த வாசலில்
பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
போன வருடம் எழுபத்தெட்டு.
இந்த வருடம் ஐம்பத்தொன்று.
ஐந்துக்கும் ஒன்றுக்கும் நடுவே காற்று புகுந்து
எண் ஒருமுறை ஊதிப் பெருத்து அடங்கியது.

மூன்றாம் மாடியில்
மைனஸ் எண்பது பெட்டி
மைனஸ் எழுபத்தாறு என்றது,
பேட்டரியில் ஓடும் சிவப்பு எழுத்தில்.

உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.
மாக்னசைட் வெட்டிக் கொட்டிய குவியல்களில்,
புல்லே யோசித்து முளைக்கிற இடத்தில்,
நானும் இர்ஃபானாவும்
மூன்று கோடை மண்டியிட்டுச் சேர்த்தவை.
திரும்பி வரும்போது இமை வரை வெள்ளை.
ஐந்து ரோடு தாண்டுகையில் கண்டக்டர் கேட்டார்:
"கோலமாவு வியாபாரமாம்மா?"

அந்த மண்ணில் ஒரு நுண்ணுயிர்
பசித்த வேருக்கு இரும்பை ஊட்டுகிறது.
இதைச் சொல்லப் பதினான்கு பக்கம்.
இரண்டு முறை திரும்பி வந்தது.
மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள்.
இதுவரை நூற்று முப்பது பேர்
எங்களை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்,
கரட்டைக் கண்ணால் பார்க்காத நூற்று முப்பது பேர்.

ஆட்டோகிளேவ் பழுதாகி ஏழு மாதம்.
டெண்டர் நடக்கிறது.
சின்னக்கடை வீதியில் வாங்கிய
பன்னிரண்டு லிட்டர் குக்கரில்தான்
எங்கள் அறிவியல் வேகிறது.
நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்
என்று எழுதினோம். பொய்யில்லை.
விசிலுக்கு அங்கே கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு
இருபத்தேழு படி.
அதில் எங்கள் முழங்கால் எத்தனை படி
என்று பட்டியல் சொல்லாது.
ஜனவரியோடு நின்ற உதவித்தொகையையும் சொல்லாது.
ஆனாலும் செய்தி வந்ததும்
இர்ஃபானா தாவணி முனையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.
நானும்தான். மறைப்பானேன்.

மைனஸ் அறுபத்தொன்பது.
ஜெனரேட்டர் அறையில் சடையப்பன் கையை விரித்தார்.
ஓடுகிற ஒன்று விழா அரங்குக்கு.
எங்களுடையதற்கு டீசல் இல்லை.
கையெழுத்துப் போட வேண்டியவர்
லட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

மைனஸ் அறுபத்து மூன்று.
பேராசிரியர் தமயந்தி எதுவும் பேசவில்லை.
ஸ்கூட்டர் சாவியை என்னிடம் வீசினார்.

இரும்பாலை போகும் வழியில் ஐஸ்கிரீம் கிடங்கு.
உலர்பனி இருக்கிறதா என்றேன்.
இருக்கிறது, கல்யாண ஆர்டர் என்றார் அந்த ஆள்,
கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.
எந்த இடம்?
சொன்னேன்.

நிமிர்ந்தார்.
"டிவியில ஓடுச்சே, ஐம்பத்தொண்ணு!
நம்ம ஊரு!
ரெண்டு பெட்டி எடுத்துக்கங்க.
பில்லு அப்புறம் பாத்துக்கலாம்."

போன வருடமும் இதே ஆளிடம் கேட்டிருக்கிறேன்.
அப்போது நாங்கள் எழுபத்தெட்டு.
ரொக்கம் என்றார்.

புகழ் என்பது இதுதான் போலும்.
தெர்மாகோல் பெட்டியில் புகைந்தபடி
இர்ஃபானாவின் மடியில்
ஓமலூர் ரோட்டு வெயிலில் வந்தது,
கையில் தொட்டால் சுட்டது.

நாலு பத்துக்குக் கரண்ட் வந்தது.
குப்பிகளை எண்ணினோம்.
ஒன்று விரிந்திருந்தது:
இருநூற்று ஏழு, வடக்குச் சரிவு.
ஆய்வகத்துக்குள் தின்னக்கூடாதென்று
வாசல் பெஞ்சில் வைத்த எங்கள் லட்டை
எறும்புகள் பாதி முடித்திருந்தன.

கீழே பட்டாசு.
ஜன்னலில் ஏற்காட்டு மலை,
கொண்டை ஊசி வளைவுகளில்
ஒவ்வொன்றாக வண்டி விளக்குகள்.
நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.
மைனஸ் எழுபத்தெட்டு.
மைனஸ் எழுபத்தொன்பது.
அங்கேயே வெகுநேரம் நின்றது.

வியாழக்கிழமை வடக்குச் சரிவுக்குப் போக வேண்டும்.
இந்த முறை தொப்பி எடுத்து வா, இர்ஃபானா.